இடம் எழுதப்படாத பெயர்

தம்பி,

இன்று காலை எழும்பியதும் நான் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கவில்லை. முன் அறைக்குப் போய்க் கணினியைப் போட்டு, நீ நேற்று அனுப்பிய கல்யாண அழைப்பிதழ் எந்தக் கோப்பிலிருந்து வந்ததோ, அந்தக் கோப்பைத் திறந்தேன். அழகாக உடுத்திக்கொண்டு முன்னால் வந்து நிற்கிற எதையும் நான் அப்படியே நம்புவதில்லை என்று உனக்குத் தெரியும். அழைப்பிதழ் நன்றாகத்தான் வந்திருந்தது. மேலே பிள்ளையார், ஒரு பக்கம் பெண்ணின் தாய் தகப்பன் பெயர், மறுபக்கம் என் பெயரும் உன் அப்பாவின் பெயரும். அப்பாவின் பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு சொல் கூடுதலாக இருந்தது: காலஞ்சென்ற.

உன் அப்பா படகில் ஏறிப் போய்த் திரும்பி வராதவர். அவர் செத்துவிட்டார் என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யவில்லை, திவசம் வைக்கவில்லை, நான் குங்குமத்தை அழிக்கவும் இல்லை. அந்தச் சொல்லோடு அழைப்பிதழ் அச்சாகி ஊரெல்லாம் போனால், உன் கல்யாண மண்டபத்துக்குள் நான் விதவையாகத்தான் நுழையவேண்டும். தாலித் தட்டைத் தொடாமல், ஆலாத்தி எடுக்கிறவர்களுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கவேண்டும். நேற்றுப் போனில் கேட்டபோது நீ சொன்னாய்: "அது தானா வந்திருக்கும் அம்மா. எங்கடை மாற்றிதான் போட்டிருக்கும்." நான் ஓம் என்று சொல்லி வைத்துவிட்டேன். நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதை வேறு ஆட்களும் வாசிக்கக்கூடும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லுகிறேன், பொறுத்துக்கொள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால் அவருடைய அறிவித்தல் பல வடிவம் எடுக்கும். பத்திரிகைக்கு ஒன்று, வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பார்க்க இணையத்துக்கு ஒன்று, வானொலியில் வாசிக்க ஒன்று, முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவுப் புத்தகம் ஒன்று. அப்பா போன பிறகு, படித்த பொருளியலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வட்டுக்கோட்டையில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து நான் தொடங்கிய தொழில் இது. ஒரே விபரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுவேன். பத்திரிகையில் இருக்கிற மருமகன் இணையத்தில் விடுபட்டுப் போவார். விடுபட்டவர் லண்டனிலிருந்து கூப்பிட்டு, இதை எழுதுவித்தது தன் மச்சான்தானே என்று கேட்பார். செத்தவீட்டுச் சண்டையில் பாதி எங்கள் அறையில்தான் தொடங்கும்.

நீ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு விடுமுறையில் வந்து அதற்கு முடிவு கட்டினாய். விபரத்தை ஒரே ஒரு தடவை, எக்ஸ்எம்எல் என்ற முறையில் எழுதினால் போதும் என்றாய். எனக்கு விளங்கிய அளவில் அது இதுதான்: ஒவ்வொரு விபரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் ஓர் அடையாளம். இது பெயர், இது உறவு, இது இருக்கிற இடம். எழுத்தின் அளவும் இல்லை, கறுப்புக் கரையும் இல்லை, வெறும் விபரம். பத்திரிகைக்கு எப்படி, வானொலிக்கு எப்படி என்ற விதிகள் தனித்தனிக் கோப்புகளில் இருக்கும். விபரத்தையும் விதியையும் எடுத்துச் சேர்த்து வேண்டிய வடிவத்தில் தருவது நீ எழுதிய மென்பொருட்கூறு. அதற்கு மாற்றி என்று பெயர் வைத்தோம். பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் கனடா என்று போடும். வானொலிக்கு வரும்போது அதையே "கனடாவில் வசிக்கும்" என்று மாற்றும், ஏனென்றால் அடைப்பை வாயால் வாசிக்க முடியாது. அது மரண அறிவித்தலுக்கு மட்டும் கட்டுப்பட்டதல்ல, எந்த வேலைக்குள்ளும் எடுத்துப் பொருத்தலாம் என்று நீ பெருமையாகச் சொன்னாய். பிறகு பள்ளிக்கூடப் பரிசளிப்பு நிகழ்ச்சி நிரலுக்கும், கோயில் திருவிழா நோட்டீசுக்கும் அதையே பொருத்தினாய்.

நானோ நெடுநாளாக ஒவ்வோர் அறிவித்தலையும் பழையபடி கையாலும் செய்து, மாற்றி தந்ததோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு என்னிலை நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டாய். உன்னிலை இருக்கு, உதிலைதான் இல்லை என்று கணினியைக் காட்டினேன். ஒவ்வொரு கோப்பின் அடியிலும் அதைச் செய்தது மாற்றியின் எந்தப் பிரதி என்று ஒரு வரி எழுதவைக்கும்படி உன்னை அரித்தேன். பிழை வந்தால் எதைப் பிடிப்பதென்று தெரியவேண்டும் அல்லவா? நீ சிரித்துக்கொண்டே செய்து தந்தாய்.

பிழை வந்தது, உன் கெட்டித்தனத்தாலேயே வந்தது. நம்முடைய அறிவித்தல்களை வாசித்து வாசித்து நீ ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாய். உயிரோடு இருக்கிற உறவினர்களின் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் இடம் இருக்கும்: சுவிஸ், கனடா, கொழும்பு. செத்தவர்களுக்கு இடம் இருக்காது. ஆகவே இடம் எழுதப்படாத பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று தானாகவே சேர்க்கும்படி விதி எழுதினாய். ஒவ்வொன்றாகத் தட்டுகிற வேலை மிச்சம் என்றாய். சனத்தின் பழக்கத்தை விதியாக்கினால் பழக்கம் தவறுகிற இடத்தில் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். கையால் தட்டுகிறவருக்கும் தவறும்தானே என்றாய்.

முதலில் மாட்டியவர் சுழிபுரத்து ஐயா ஒருவர். தமையனின் செத்தவீட்டு அறிவித்தலில், அதே வளவுக்குள் இருக்கிறவருக்கு எதற்கு இடம் என்று வீட்டார் எழுதாமல் விட்டிருந்தார்கள். வானொலியில் வாசித்துக் கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். "பிள்ளை, நான் காலமாகிட்டன் எண்டு இப்பதான் கேள்விப்பட்டன். புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை சொல்லிப்போட்டாங்கள். அடுத்தமுறை கொஞ்சம் முந்தி அறிவியுங்கோ, ஆக்களுக்குச் சொல்லவேணும்." நானும் நீயும் வயிறு நோகச் சிரித்தோம். அதன்பிறகு ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் இலங்கை என்று போடச் சொன்னாய். எங்கள் பழக்கத்தைத் திருத்தினாய், விதியைத் தொடவில்லை. அது எனக்கு உறுத்தியது. ஆனாலும் சிரித்த வாயோடு அதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவதாக வந்தது மயிலிட்டிப் பெண். அவளுடைய மாமனாரின் அறிவித்தலை நாங்கள்தான் செய்தோம். அவள் புருசன், செத்தவரின் இரண்டாவது மகன், கடலுக்குப் போய் வராதவன். படகு மட்டும் ஒதுங்கியது, ஆள் இல்லை. விபரம் தந்த மைத்துனன் அவனுக்கு இடம் எழுதவில்லை. எதை எழுதுவான்? அவள் பத்திரிகையை நாலாக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்சில் வந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. சண்டைக்கு வந்தவள் போல இல்லை, கடையில் விலை விசாரிக்கிற குரல். "அக்கா, உங்கடை பேப்பரிலை என்ரை மனுசன் செத்திட்டார். எண்டைக்கு எண்டு எனக்கும் சொல்லுங்கோ. திவசம் குடுக்கத் தேதி வேணும்."

நீதான் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருக்கவைத்தாய். மாற்றி செய்த பிழை என்று நீ அன்று சொல்லவில்லை. என்ரை பிழை என்றாய். எப்படிப் போட்டால் சரியாக இருக்கும் என்று அவளையே கேட்டாய். அவள் மடித்த பத்திரிகையை விரித்து அந்தப் பெயரில் விரலை வைத்தாள். "பேரை மட்டும் போடுங்கோ. முன்னுக்கும் வேண்டாம், பின்னுக்கும் வேண்டாம்." அவளை வைத்துக்கொண்டே நீ விதியை மாற்றினாய். இடம் இல்லாத பெயர் வந்தால் மாற்றி ஊகிக்காது, நின்றுவிடும். இவரைப் பற்றி என்ன எழுதுவது என்று கேட்கும். இருக்கிறார், காலமானார், பெயர் மட்டும் என்ற மூன்றில் ஒன்றை ஒரு மனிதர் சொன்னால்தான் மேலே நகரும். அடுத்த நாள் திருத்தம் போட்டோம். அவள் போன பிறகு நீ என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "அப்பாக்கும் உதைத்தானே அம்மா போடவேணும்?" என்றாய். அதுக்கு இப்ப ஒரு தேவையும் வரேல்லை என்று நான் கணினிப் பக்கம் திரும்பிவிட்டேன்.

இப்போது தேவை வந்துவிட்டது. கொழும்பில் உன்னோடு வேலை செய்கிற பிள்ளையை உனக்குப் பிடித்திருக்கிறது என்றபோது எனக்குச் சந்தோசம்தான். அவளுடைய தகப்பன் சாவகச்சேரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர், செருப்பை வாசலில் நேராக்கி வைத்துவிட்டு உள்ளே வருகிறவர். சாதகம், மண்டபம், நாள் எல்லாம் கதைத்து முடித்து எழும்புகிற நேரத்தில்தான் உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டார். தம்பியின் தகப்பனைப் பற்றி ஊரில் பலதும் சொல்கிறார்களாம், அழைப்பிதழில் எப்படிப் போடுவதாக எண்ணம்? தனக்கு ஒன்றுமில்லையாம், சனம்தான் கேட்குமாம். நான் உன்னைப் பார்த்தேன். நீ தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாய். யோசித்துச் சொல்லுறம் என்று அவரை அனுப்பிவைத்தேன். ஆகவே நேற்று அந்தச் சொல்லைப் பார்த்ததும் நான் முதலில் சந்தேகப்பட்டது அவரைத்தான். அதன்பிறகு அவர் மகளை. அவள் உன் பக்கத்தில் இருந்து விபரங்களைத் தட்டியிருப்பாள், தகப்பன் சொன்னபடி காலமானார் என்று எழுதியிருப்பாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கோப்பு நம் இரண்டு கணினிக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்கிறது. திறந்து பார்த்தேன். உன் அப்பாவின் பெயர் இருந்தது. மற்றவர்களுக்கு இருந்ததுபோல இடம் இல்லை, காலமானார் என்றும் இல்லை. வெறும் பெயர். அந்தப் பிள்ளையும் தகப்பனும் குற்றமற்றவர்கள் என்று மனத்துக்குள் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனால், அப்படியென்றால் மாற்றி நின்று கேட்டிருக்கவேண்டுமே? ஏன் கேட்கவில்லை? அடியில் இருந்த வரியைப் பார்த்தேன். அழைப்பிதழைச் செய்தது மாற்றியின் பழைய பிரதி, மயிலிட்டிப் பெண் வருவதற்கு முன்னால் இருந்தது. அதை இப்போது எவரும் பாவிப்பதில்லை. நானும் புதியதைத்தான் பாவிக்கிறேன், நீயும் அப்படித்தான். பழையதைத் தேடிப் போய்த்தான் எடுக்கவேண்டும். நீ தேடி எடுத்திருக்கிறாய்.

ஆகவே நேற்று நீ சொன்னது பொய்யில்லை. அது தானாகத்தான் வந்தது. உன் தகப்பன் செத்துவிட்டார் என்று நீ ஓரிடத்திலும் எழுதவில்லை, சொல்லவில்லை. கேள்வி கேட்காத ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் கையில் அவரைக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய். பொய் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு நோகாது. பொய் சொல்கிறவன் குறைந்தபட்சம் வாயைத் திறக்கிறான். குசினிக்குள் போன அன்றே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். நாளைக்கு உன் மனுசி உன்னிடம் ஒன்றைக் கேட்பாள். எல்லாக் குடும்பத்திலும் கேட்பார்கள். அப்போது கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பாதே. தெரியாது என்றாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல். பதில் சொல்லப்படாத வீட்டில் இருக்கிறவளுக்கு என்ன நடக்கும் என்று என்னைப் பார்த்தால் தெரியும். எதைக் கண்டாலும் அடியைப் புரட்டிப் பார்க்கிற புத்தி எனக்குப் பிறவியில் வந்ததில்லை.

பிறகு நான் ஒரு வேலை செய்தேன். அதே கோப்பை எடுத்துப் புதிய பிரதிக்குக் கொடுத்தேன். அது உன் அப்பாவின் பெயரில் வந்து நின்றது. இவரைப் பற்றி என்ன எழுதுவது? மூன்று தெரிவுகள். உன்னை இவ்வளவு குறை சொல்கிறவள் உடனே ஒரு பொத்தானை அமத்தியிருப்பேன் என்றுதானே நினைப்பாய்? இல்லை. கை போகவில்லை. வெளியே பால்காரரின் மணி கேட்டது, எழும்பவில்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டர் போட்டார்கள், நிறுத்தினார்கள். நான் அந்தக் கேள்விக்கு முன்னால் இருந்தேன்.

மயிலிட்டிப் பெண் குங்குமம் வைப்பது நம்பிக்கையில். நான் வைப்பதும் அதனால்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் போலத் தெரிகிறது. உன் அப்பா படகு இயந்திரம் திருத்துகிறவர். தொண்டைமானாற்றில் அவர் கை படாத இயந்திரம் குறைவு. அவுஸ்திரேலியாவுக்குப் போகிற படகில் இயந்திரம் பார்க்கிற ஆளாகத்தான் அவரை ஏற்றினார்கள், அதனால்தான் அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் அவருடைய கருவிப்பெட்டி வீட்டில் இருந்தது. ஸ்பானர், குறடு, எல்லாம் எண்ணெய் துடைத்து அடுக்கினபடி. இயந்திரம் பார்க்கப் போகிற மனிதன் கருவிகளை விட்டுவிட்டுப் போவானா? படகில் வேறு சாமான் இருந்திருக்கும் என்று என் கூடப்பிறந்த உன் மாமா சொன்னார். இருந்திருக்கலாம். அவர் படகில் ஏறியதைக் கண்ணால் கண்டேன் என்றவனை நான் திரும்பத் திரும்ப விசாரித்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் போட்டிருந்ததாக அவன் சொன்ன சேட்டின் நிறம் வேறாக இருந்தது. கடல் கொண்டுபோயிருக்கலாம். அல்லது அவர் அந்தப் படகில் ஏறாமல், வேறெங்கோ, வேறெவளோடோ, இன்னும் இயந்திரம் திருத்திக்கொண்டிருக்கலாம்.

காலஞ்சென்ற என்று போட்டுவிட்டால் அவர் நல்லவராகிவிடுவார், தம்பி. இவ்வளவு காலம் இந்தத் தொழில் செய்கிறேன், கெட்டவர் ஒருவர்கூடச் செத்ததில்லை. எல்லோரும் பாசமிகு தந்தையும் அன்புக் கணவரும்தான். அந்தச் சொல்லை அவருக்கு இலவசமாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் நெற்றியில் வைத்துக்கொண்டு திரிவது நம்பிக்கை இல்லை, சந்தேகம். நீ அப்பா வருவாரா என்று கேட்பதை நிறுத்திய வயதில், நான் பதிவிரதையாகக் காத்திருக்கிறேன் என்று எண்ணி என்னில் இரக்கப்பட்டிருப்பாய். பழைய பிரதியைத் தேடி எடுத்ததும் அந்த இரக்கத்தால்தானோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் அம்மாவை விடுவித்துவிடலாம் என்று. அப்படியானால் உனக்கு நன்றி. ஆனால் என்னை விடுவிக்கிற வேலையை இயந்திரத்திடம் கொடுக்காதே. உன்னிடமும் நான் கேட்கவில்லை.

கடைசியில் பெயர் மட்டும் என்பதை அமத்தினேன். அழைப்பிதழ் வந்தது. என் பெயருக்கு முன்னால் அவர் பெயர், முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. அச்சகத்துக்கு அதுதான் போகும். உன் மாமனாராகப் போகிறவருக்கு நானே போன் எடுத்துச் சொல்லுவேன். அவர் நேராகக் கேட்டவர், அவருக்கு நேரான பதில் கிடைக்கவேண்டும். கல்யாணம் வேண்டாம் என்று சொல்கிற மனிதரில்லை என்று நினைக்கிறேன். நினைப்பு பிழையாகவும் இருக்கலாம். அப்படி நடந்தால் நீ என்னைக் கோபித்துக்கொள், அதற்கு உனக்கு உரிமை உண்டு.

இன்னுமொன்று. இதை உன் மாமாவுக்கோ மாமிக்கோ ஐயருக்கோ நான் இன்னும் சொல்லவில்லை. மணவறையில் எங்கள் பக்கத்துத் தாய் தகப்பனாக மாமாவும் மாமியும் நிற்பதென்றுதானே ஒழுங்கு? மாமி அதற்கென்று சேலையும் எடுத்துவிட்டா. அவ நிற்கமாட்டா. தாரை வார்க்கிற நேரத்தில் அந்த இடத்தில் நான் நிற்பேன், குங்குமத்தோடு, தனியாக. என் பக்கத்தில் எவரையும் நிறுத்த விடமாட்டேன். ஐயர் நிமிர்ந்து பார்த்துத் தகப்பன் எங்கே என்று கேட்பார். கேட்கட்டும். சபை முழுக்கக் கேட்கும்படி, அவர் வரவில்லை என்று சொல்லுவேன். அவரைப் பற்றி நான் சந்தேகமில்லாமல் அறிந்தது அது ஒன்றுதான்.

அம்மா